“சிஸ்டம் எடுக்கலை”: கையால் தட்டி ஏற்றும் விவரங்கள்

ஆரணியில் ஒரு பட்டுப்புடவை தறியை விட்டு இறங்கும் முன்பே அதைச் சுற்றி ஏகப்பட்ட எண்கள் கணினியில் ஏறிவிடுகின்றன. நெசவாளர் சங்கத்தில் பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் வாங்கினால் எடை. கூலி போட வங்கிக் கணக்கு எண். கைத்தறிக்கான இலவச மின்சாரத்துக்கு மின் இணைப்பு எண். நெசவாளர் அடையாள அட்டைக்கு ஆதார், கைப்பேசி எண், பிறந்த தேதி. புடவை விலைபோனால் ஜிஎஸ்டி ரசீது. இவற்றில் எதுவும் தானாக உள்ளே போவதில்லை. யாரோ ஒருவர் தாளைப் பார்த்தோ, எதிரே நிற்பவர் சொல்வதைக் காதில் வாங்கியோ, ஒவ்வொன்றாகத் தட்டுகிறார். டேட்டா என்ட்ரி என்பது இதுதான். ஊரில் ‘என்ட்ரி போடுறது’ என்பார்கள், ‘ஏத்துறது’ என்பார்கள்.

பார்க்கச் சின்ன வேலை. ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. தவறாகத் தட்டியவருக்கு அந்தத் தவறால் பெரும்பாலும் ஒரு நஷ்டமும் இல்லை. யாருடைய விவரத்தைத் தட்டினார்களோ அவருக்குத்தான் முழு நஷ்டமும். ‘கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எதிரே நிற்பவர் வாயடைத்துப் போகிறார். கணினியில் இருப்பது என்றோ ஒருநாள் ஒரு மனிதர் விரலால் போட்டது மட்டுமே என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. ஆகவே இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைத் தட்டுபவரைவிட, எதிரே நிற்பவர் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

ஆரணிக்காரர்களுக்கு இது விளங்காத சங்கதியும் அல்ல. கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே இதே வேலையை ஜக்கார்டு அட்டையில் செய்துவந்த தொழில் இது. புடவைக் கரையில் ஓர் அன்னமோ மாங்காயோ வர வேண்டுமானால் முதலில் கட்டத்தாளில் வரைகிறார்கள். ஒவ்வொரு நெட்டு வரிசையும் ஜக்கார்டுப் பெட்டியின் ஒரு கொக்கி. ஒவ்வொரு படுக்கை வரிசையும் ஓர் ஊடை இழை. அட்டை குத்துபவர் ஒரு படுக்கை வரிசையை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு, நிறம் தீட்டிய கட்டத்துக்கு ஓட்டை போடுகிறார், வெற்றுக் கட்டத்தை விட்டுவிடுகிறார். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழையும், அதன் கொக்கி மேலே போகும், அந்தப் பாவு இழை எழும்பும். ஒரு வரிசை முடிந்தால் ஓர் அட்டை. 240 கொக்கிப் பெட்டியில் 300 ஊடைக்கு ஓடும் உருவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 அட்டைகள், 72,000 முறை ‘உண்டா, இல்லையா’ என்ற முடிவு. அத்தனையும் ஒரு மனிதரின் கண்ணும் கையும் சேர்ந்து எடுத்தவை. இன்றைய மின்னணு ஜக்கார்டில் அட்டை போய், திரையில் வரைந்த கோப்பு பென் டிரைவில் வருகிறது. கட்டங்களும் கொக்கிகளும் அவைதான்.

இந்த அட்டைதான் உலகத்தின் டேட்டா என்ட்ரிக்கே மூதாதை. பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த பொறியைப் பார்த்துத்தான், 1830-களில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கிடும் இயந்திரத்துக்கும் துளை அட்டையையே நினைத்தார். அந்த இயந்திரம் முழுதாகக் கட்டப்படவே இல்லை. அமெரிக்காவில் 1880-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைக் கையால் தொகுத்து முடிக்க எட்டு ஆண்டு பிடித்தது. 1890 கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹாலரித் துளை அட்டையைப் புகுத்தினார். ஒரு மனிதருக்கு ஓர் அட்டை, வயதுக்கு ஓர் ஓட்டை, தொழிலுக்கு ஓர் ஓட்டை. ஹாலரித் தொடங்கிய நிறுவனமும் சேர்ந்து உருவானதுதான் பின்னாளின் ஐபிஎம். அது 1928-இல் 80 எழுத்துகள் கொள்ளும் அட்டையைக் கொண்டுவந்தது. அதன்பிறகு அரை நூற்றாண்டு, உலகமெங்கும் அலுவலகங்களில் வரிசையாக உட்கார்ந்து அட்டை குத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஜக்கார்டு அட்டையில் ஓர் ஓட்டை தவறினால் அது துணியில் தெரிந்துவிடும். அட்டைகள் கோத்த மாலை சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் அன்னத்தின் அலகில் அதே இடத்தில் ஓர் இழை பிசகி நிற்கும். இரண்டு சுற்று நெய்வதற்குள் நெய்பவருக்குத் தெரியும். அட்டையைத் தேடி, தவறான ஓட்டையை ஒட்டி அடைத்து, சரியான இடத்தில் குத்திக்கொள்ளலாம். கணினியில் தவறிய எழுத்துக்கு அப்படி ஒரு துணி இல்லை. அது சத்தமில்லாமல் உள்ளே கிடக்கும். மூன்று ஆண்டு கழித்து ஓய்வூதியத்துக்கோ கடனுக்கோ மனு போடும்போதுதான் முதல்முறையாக வெளியே தலைகாட்டும். அதற்குள் தட்டியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், தாள் எடைக்குப் போயிருக்கும்.

தவறு கண்ணில் வரும், விரலில் வரும், காதில் வரும். கண் செய்வது: ஒன்றை ஏழாகப் படிப்பது, ஐந்தைக் கைவேகத்தில் எழுதியிருந்தால் ‘எஸ்’ என்று எடுப்பது, ஒரு வரி தாண்டி அடுத்தவருடைய எண்ணை இவருக்குப் போடுவது. இந்த வரி தாண்டுவதுதான் மோசம். எண்ணும் சரியான எண், பெயரும் சரியான பெயர், ஆனால் ஒன்றுக்கு ஒன்று சொந்தமில்லை.

விரல் செய்வது பெரும்பாலும் இடமாற்றம். 385 என்பது 358 ஆகிவிடும். அடுத்தடுத்து இரண்டு முறை வர வேண்டிய இலக்கம் ஒரு முறையாகும். கைப்பேசியில் பழகிய இளம் விரல்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கைப்பேசியில் 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும். கணினியின் எண் பகுதியிலும் கால்குலேட்டரிலும் 7, 8, 9 மேலே இருக்கும். பார்க்காமல் தட்டினால் ஒன்று ஏழாகும், மூன்று ஒன்பதாகும். தேர்ந்தவர்கள் 5 எண் மேல் உள்ள சின்ன மேட்டில் நடுவிரலை வைத்துக்கொண்டு, கண்ணைத் தாளை விட்டு எடுக்காமல் மூன்று நான்கு எண்ணாகப் பிரித்து அடிப்பார்கள். அந்த வேகம் கண்கொள்ளாக் காட்சி. தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும்.

காது செய்வது தமிழ்நாட்டில் தனி ரகம். தொண்ணூறா, தொள்ளாயிரமா? பதினேழா, எழுபதா? ‘டபுள் டூ, ட்ரிபிள் சிக்ஸ்’ என்று சொன்னால் டபுளைக் கேட்டவர் ட்ரிபிளை விட்டுவிடலாம். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வதே நல்லது. ஆங்கில எழுத்தில் பாம்பேக்கு வரும் ‘பி’யா, பழனிக்கு வரும் ‘பி’யா என்று கேட்கிற ஆபரேட்டர் கிடைத்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

பெயருக்கு வருவோம். இங்கேதான் அதிகம் சிக்குகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இன்ஷியல்தான். படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டத்தோடு வருகிறது.

“ஐயா, கடைசிப் பேரு என்னங்க?”

“சரவணன்மா. அதான் பேரே.”

“இன்ஷியல் விரிச்சுச் சொல்லுங்கய்யா.”

“எங்கப்பா குப்புசாமி.”

இந்தப் பேச்சு முடியும்போது ஒரே மனிதர் ஆதாரில் ‘சரவணன் கே’, வங்கியில் ‘கே சரவணன்’, பான் அட்டையில் ‘சரவணன் குப்புசாமி’ என்று மூன்றாகியிருப்பார். பான் விண்ணப்பம் இன்ஷியலை ஏற்பதில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். ஆதார் இன்ஷியலை ஏற்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்கு இவர் வேறு, அவர் வேறு. இதற்கு மேல் எழுத்துக்கூட்டல். தனலட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத ஐந்தாறு வழிகளாவது உண்டு, எல்லாமே சரிதான். ‘ழ’ வரும் பெயர்க்காரர்கள் பாடு இன்னும் மோசம்.

ஊர்ப் பெயரும் லேசில் விடாது. ஆரணி என்றால் கமண்டல நாகநதிக் கரை ஆரணிதான் நமக்கு. ஆனால் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஒரு ஆரணிப் பேரூராட்சி இருக்கிறது. ரயில்வே நம் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் நடு ‘ஏ’ இல்லாமல் ‘ஆர்னி ரோடு’ என்று எழுதும், அந்த நிலையமோ களம்பூரில் இருக்கிறது. மாவட்டத்தைக் கேட்டால் வயதைப் பொறுத்துப் பதில் மாறும். 1989 செப்டம்பர் 30 வரை வட ஆற்காடு மாவட்டம். அதன்பிறகு திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். தலைவர்கள் பெயரை மாவட்டங்களிலிருந்து எடுத்த பிறகு வெறும் திருவண்ணாமலை. அறுபது வயது நெசவாளர் ஒருவரின் பள்ளிச் சான்றிதழையும் அவர் மகனுடைய சான்றிதழையும் பக்கத்தில் வைத்தால் இருவரும் வேறு வேறு மாவட்டத்தில் பிறந்தவர்கள். வீடு ஒன்றே. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது வேலூர்தான் மாவட்டத் தலைநகர், ஆகவே ஆரணியின் 632301 இன்றும் வேலூர்க்காரர்களைப் போல 632-இல் தொடங்குகிறது. திருவண்ணாமலை நகரத்தினுடையது 606-இல் தொடங்கும். பின்கோட்டை வைத்து மாவட்டத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் படிவத்தில் இதை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதி பற்றி ஒரே ஒரு வார்த்தை. நம் ஊரில் எத்தனை பெரியவர்கள் ஜனவரி 1-இல் பிறந்திருக்கிறார்கள், எத்தனை பேர் ஜூன் முதல் வாரத்தில் பிறந்திருக்கிறார்கள் என்று எண்ணினால் வேடிக்கையாக இருக்கும். முதலாவது, வருடம் மட்டும் தெரிந்தவருக்கு நாளும் மாதமும் கட்டாயம் கேட்ட படிவத்தின் கைங்கரியம். இரண்டாவது, பள்ளி திறக்கும்போது பிள்ளைக்கு ஐந்து வயது ஆகிவிட்டதாகக் காட்ட வாத்தியார் போட்ட தேதி. பொய் என்று யாரும் நினைத்துப் போடவில்லை. ஏதாவது போட்டால்தான் அடுத்த கட்டம் திறக்கும்.

சரி, இத்தனை தவறுக்கும் காவல் இல்லையா? இருக்கிறது, சில எண்களுக்கு மட்டும். அந்தக் காவலுக்குச் சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர். எண்ணின் கடைசியில் ஒரு இலக்கத்தைச் சேர்த்து, அது முந்தைய இலக்கங்களோடு ஒரு கணக்கில் பொருந்த வேண்டும் என்று விதி வைத்துவிடுவார்கள். ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் காப்புரிமை பெற்ற முறை இன்று ஏடிஎம், கிரெடிட் அட்டைகளில் இருக்கிறது. அதை ஆரணி பின்கோட்டில் போட்டுப் பார்க்கலாம். 632301. வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும்: 1 இரண்டாகிறது, 0 அப்படியே, 3 ஆறாகிறது, 2 அப்படியே, 3 ஆறாகிறது, 6 அப்படியே. கூட்டினால் 22. அடுத்த பத்தின் மடங்கான 30-க்கு 8 வேண்டும். அந்த 8-ஐக் கடைசியில் ஒட்டி 6323018 என்று எழுதிக்கொள்வோம். இப்போது ஒருவர் 2-ஐயும் பக்கத்து 3-ஐயும் மாற்றி 6332018 என்று அடித்தால் கூட்டு 21, எட்டும் சேர்ந்து 29. பத்தின் மடங்கு இல்லை, கணினி அந்த நொடியே மறுத்துவிடும். (இரட்டித்தது ஒன்பதுக்கு மேல் போனால் அதன் இரு இலக்கத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இங்கே அந்த வேலை வரவில்லை.) உண்மையான பின்கோட்டில் இப்படி ஒரு எட்டு கிடையாது, ஆகவே மாற்றி அடித்தால் அது பாட்டுக்கு ஏறிவிடும்.

ஆதாரின் 12-ஆவது இலக்கம் இப்படிப்பட்ட காவல்தான். நெதர்லாந்துக் கணித அறிஞர் யாகோபஸ் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் தவறாமல் பிடிக்கும். ஜிஎஸ்டி எண்ணின் 15-ஆவது எழுத்தும் அதே வேலைக்குத்தான். அதன் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, அடுத்த பத்து எழுத்து பான் எண். வங்கிக் கிளையின் ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் பதினொரு எழுத்து. முதல் நான்கு வங்கி, கடைசி ஆறு கிளை, நடுவில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்தான். அதை ஆங்கில ‘ஓ’ என்று அடித்துவிட்டு ‘சிஸ்டம் எடுக்கலை’ என்று தலையைச் சொறிபவர்கள் தினமும் உண்டு.

பணம் போய்ச்சேரும் வங்கிக் கணக்கு எண்ணுக்குத்தான் நாடு முழுவதற்கும் பொதுவான காவல் கிடையாது. ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு நீளம். என்இஎஃப்டி, ஆர்டிஜிஎஸ் வழியில் வெகு காலமாகக் கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைத்தார்கள். கூடவே எழுதும் பெயர் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை. பெறுபவர் பெயரை அனுப்புபவருக்கு முன்கூட்டியே காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் கொண்டுவரும்படி 2024 டிசம்பர் 30 அன்றுதான் ரிசர்வ் வங்கி சொன்னது. அதுவரை இருந்த முக்கியத் தடுப்பு, கணக்கு எண்ணை இரண்டு முறை அடிக்கச் சொல்வது.

இரண்டு முறை அடிப்பதும் துளை அட்டைக் காலத்துப் பழக்கமே. அப்போது ஒரே தாளை இரண்டு பேர் அடிப்பார்கள். முதலாமவர் குத்திய அட்டையை இரண்டாமவர் வெரிஃபையர் என்ற இயந்திரத்தில் வைத்து, தாளைப் பார்த்து மறுபடி தட்டுவார். ஓட்டையும் தட்டலும் ஒத்துப்போகாவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். செலவு இரட்டிப்பு, ஆனால் நம்பலாம். இன்று ஒரே ஆள் இரண்டு முறை அடிக்கிறார். விரல் செய்த தவறு இதில் சிக்கும், கண் செய்த தவறு சிக்காது. ஒன்றை ஏழாகப் படித்தவர் இரண்டாம் முறையும் ஏழாகத்தான் படிப்பார். இந்தச் சிக்கனத்தின் விலை யார் தலையில் விழுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

சங்கத்தில் செய்யக்கூடிய இன்னொரு காவல் உண்டு, பழைய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். அன்றைய சீட்டுகளில் உள்ள ஜரிகை எடையையெல்லாம் கால்குலேட்டரில் தனியாகக் கூட்டி ஒரு தாளில் எழுதி வையுங்கள். என்ட்ரி முடிந்ததும் கணினி காட்டும் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் அந்த வேறுபாட்டை ஒன்பதால் வகுங்கள். மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். 385 கிராமை 358 என்று அடித்தால் வேறுபாடு 27. ஒரே ஒரு சீட்டுத்தான் தவறு என்றால் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். ஜரிகையை ‘மார்க்’ என்ற எடைக் கணக்கில் பேசிவிட்டுத் திரையில் கிராம் கணக்கில் போடும் இடத்தில் இது இன்னும் முக்கியம். எடைக் குறைவு என்று நெசவாளர் கூலியில் பிடித்த பிறகு கண்டுபிடித்துப் பயனில்லை.

இப்போது ‘சிஸ்டம் எடுக்கலை’ என்ற அந்தப் பிரபலமான வாக்கியம். கணினி மறுத்தால் அங்கே ஏதோ தவறு இருக்கிறது, நின்று பாருங்கள் என்று பொருள். நடப்பதோ வேறு. வரிசை நீண்டிருக்கிறது, சர்வர் எப்போது விழும் என்று தெரியாது, ஆபரேட்டர் கணினி எதை எடுக்குமோ அதைப் போட்டுவிடுகிறார். கைப்பேசி எண் கட்டாயம், எதிரே நிற்கும் பாட்டியிடம் போன் இல்லை. ஆபரேட்டர் தன் எண்ணையோ சேவை மையத்தின் எண்ணையோ போடுகிறார். இரக்கத்தோடுதான் செய்கிறார். அதன்பிறகு பாட்டிக்கு வரவேண்டிய ஓடிபியும் செய்தியும் அவர் போனுக்குப் போகின்றன. மாவட்டப் பட்டியலில் தேர்ந்தெடுக்க மறந்தால், அகர வரிசையில் முதலில் நிற்கும் அரியலூரே நிற்கும். 38 மாவட்டத்தில் அரியலூருக்கு மட்டும் இந்த யோகம். கணினியைப் பொறுத்தவரை இவை தவறே அல்ல. பத்து இலக்கம் இருக்கிறது, பட்டியலில் உள்ள மாவட்டம் இருக்கிறது. வடிவம் சரியா என்றுதான் அதற்குப் பார்க்கத் தெரியும், உண்மையா என்று தெரியாது. 2017-இல் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைகள் ஸ்மார்ட் கார்டாக மாறியபோது சேலம் மாவட்டம் ஓமலூர்ப் பக்கம் ஒரு பெண்ணின் அட்டையில் நடிகை காஜல் அகர்வால் படம் அச்சாகி வந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு படம் இருந்தது. கணினி திருப்தியாகிவிட்டது.

எக்செல் தனிக் கதை. மின் இணைப்பு எண் பல இடங்களில் பூஜ்யத்தில் தொடங்கும். எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். அது 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கம். கடைசி இலக்கம் எதுவாக இருந்தாலும் பூஜ்யமாகிவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. எண்ணை அடிக்கும் முன் அந்தப் பத்தியை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றிவிட்டால் போதும். கைத்தறிக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023-இல் 300 யூனிட் ஆனது. ஒரு வீட்டுக்கு அது கிடைப்பதும் கிடைக்காததும் சில நேரம் இந்த ஒற்றைப் பூஜ்யத்தில் நிற்கிறது.

தமிழில் தட்டியதால் வரும் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். டிடிபி கடைகளில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், திரையில் ‘அம்மா’ என்று தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். எழுத்துருவை எடுத்துவிட்டால் அந்தக் குப்பை வெளியே வந்துவிடும். அப்படித் தட்டிய உறுப்பினர் பட்டியலில் ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது, அகர வரிசைப்படுத்தினால் தாறுமாறாகும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை அதிகாரபூர்வத் தரமாக அறிவித்துவிட்டது. 1999-இல் வந்த தமிழ்99 விசைப்பலகையும் யூனிகோடும் சேர்ந்தால் போதும். பழைய கோப்பு வைத்திருக்கும் சங்கங்கள் அதை யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் ஒரு முறை படித்துப் பார்த்துவிடுவது நல்லது. மாற்றும் மென்பொருளும் கொம்பு, கால் விஷயத்தில் சறுக்கும்.

தட்டுபவரையே குற்றம் சொல்வதும் நியாயமில்லை. 2019–20-இல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் 35,22,512 தொழிலாளர்கள் கணக்கில் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எத்தனை கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை தட்டல் என்று நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட வேலைகளில் பலர் ஒப்பந்தக்காரர்கள், எத்தனை ஏற்றினாய் என்ற எண்ணிக்கைக்கே சம்பளம். எண்ணிக்கைக்குக் காசு கொடுத்துவிட்டுத் துல்லியத்தை எதிர்பார்ப்பது, மீட்டருக்குக் கூலி பேசிவிட்டு நெருக்கமான நெசவு கேட்பதுதான்.

இந்த வேலையின் பெயரில் நடக்கும் மோசடி வேறு. ‘வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, மாதம் இத்தனை ஆயிரம்’ என்று செய்தி வரும். முதலில் பதிவுக் கட்டணம். பிறகு படிக்கவே முடியாத பக்கங்கள். அடித்துக்கொடுத்தால் தவறு விகிதம் கூடிவிட்டது, ஒப்பந்தத்தை மீறினாய், வழக்குப் போடுவோம், பணம் கட்டு என்று வக்கீல் நோட்டீஸ் பாணியில் மிரட்டல். தறி வருமானம் சுருங்கிய வீட்டுப் பிள்ளைகள் இதில் சுலபமாக விழுகிறார்கள். வேலை கொடுப்பவர் காசு கேட்க மாட்டார். மிரட்டினால் பணம் அனுப்பாமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, திரை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்ற கேள்வி. ஆதார் பதிவு மையத்தில் இரண்டு திரை இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்று ஆபரேட்டருக்கு, இன்னொன்று பதிபவருக்கு. தன் விவரத்தைத் தானே பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஏற்ற வேண்டும். இந்த ஏற்பாட்டை மற்ற அலுவலகங்களும் சங்கங்களும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும் என்பது என் எண்ணம். இரண்டாம் திரை இல்லாத இடத்தில், ‘சப்மிட்’ கொடுக்கும் முன் “தம்பி, ஒரு தடவை காட்டுப்பா” என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். படிக்கத் தெரியாவிட்டால் ஒவ்வொரு இலக்கமாக வாசிக்கச் சொல்லுங்கள், அதுவும் கடைசியிலிருந்து முதலுக்கு. நேராக வாசித்தால் நாக்கு பழக்கத்தில் ஓடிவிடும். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

தவறு ஏற்கெனவே ஏறிவிட்டதென்றால் திருத்தும் வரிசை முக்கியம். இப்போது பல இடங்களில் ஆதாரின் கியூஆர் கட்டத்தைக் காட்டினால் விவரம் தானாக நிரம்பிவிடுகிறது. தட்டும் தவறு ஒழிந்தது, ஆனால் ஆதாரில் உள்ள தவறு ஒரே நொடியில் நாலு இடத்துக்குப் பரவுகிறது. வங்கியையோ பானையோ முதலில் திருத்தப் போனால் ஆதாரைக் காட்டு என்பார்கள். ஆகவே ஆதாரைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். அதையும் நினைத்தபோதெல்லாம் செய்ய முடியாது. பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறை. போவதற்கு முந்தின இரவே வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பெயருக்கும் ஆங்கிலத்தில் என்ன எழுத்துக்கூட்டல், இன்ஷியல் முன்னாலா பின்னாலா என்று முடிவுசெய்து பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லாமல் அந்தத் தாளையே ஆபரேட்டரிடம் நீட்டுங்கள்.